குடிநோயாளருக்குத் துணை தேடுவோம்

இனிக் குடிக்கமாட்டேன் என்று மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர் மறுவாரமே தவறணைக்குப் போனால், அவரது விசுவாசம் பொய்யென்று எண்ணாதீர்கள். குடி ஒரு நோய். தனியே வெல்வது கடினம்.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரு குடிநோயாளர் ஒருவருக்கொருவர் துணைநின்று 'ஏ.ஏ.' எனும் கூட்டத்தைத் தொடங்கினர். குடிகாரரைச் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கிய 1939இல், அருட்சகோதரி இக்னேஷியா வயிற்று நோயாளரென்று பதிந்து ஒருவருக்குப் படுக்கை கொடுத்தார். அக்கூட்டத்தில் கட்டணமில்லை, பெயர் வெளிவராது, குடியை நிறுத்தும் விருப்பமே போதும்.

கடுகண்ணாவையிலுள்ளோர் முதலில் கண்டி ஆஸ்பத்திரி வைத்தியரை நாடுங்கள். அதிகமாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். கூட்டம் நடக்கும் இடத்தை அவரிடமும் பங்குத்தந்தையிடமும் விசாரியுங்கள். முதல் நாள் வாசல்வரை கூடவே போங்கள். அவர் மறுத்தாலும், குடும்பத்தாருக்கென 1951இல் உருவான 'அல்-அனொன்' பற்றிக் கேளுங்கள். செபத்தோடு இம்முயற்சியும் சேரட்டும்.