எதிர்காற்றில் 150 கடல் மைல்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

1976ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழாவில், பல நாடுகளின் பெரும் பாய்க்கப்பல்கள் நியூயார்க் துறைமுகத்தில் அணிவகுத்தன. அவை இங்கிலாந்தின் பிளிமத்தில் புறப்பட்டுத் தெனெரீஃப், பெர்முடா வழியாக நியூபோர்ட் வரை பந்தயமாக வந்தவை. அங்கிருந்து நியூயார்க் செல்லும் கரையோர வழி ஏறத்தாழ 150 கடல் மைல். இவ்விழாவைக் காண ஒரு சிறு பாய்ப்படகில் நியூபோர்ட்டிலிருந்து புறப்பட்டால் என்ன நேரும்? முதலாண்டில் நாம் படித்த திசையன் பகுப்பு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

அக்கரையில் கோடைக்காலத்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசும். நியூயார்க்கோ மேற்குத் தென்மேற்கில் உள்ளது. ஆகவே காற்று ஏறக்குறைய முகத்திலேயே அடிக்கும். காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாயும் கலத்தைக் கொண்டு செல்லாது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, பின் மறுபக்கம் திரும்பி, வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். பாய் தரும் விசையில் பக்கவாட்டுக் கூறு பெரிது. முன்னோக்கிய கூறு சிறிது. பக்கவாட்டுக் கூற்றை நீருக்குள் இருக்கும் அடிமரம் தடுத்துக் கொள்கிறது. எஞ்சிய சிறு கூறே கலத்தைச் செலுத்துகிறது.

முக்கோணப் பாய் கட்டிய படகு காற்றின் திசைக்கு 45 பாகை வரை நெருங்கி ஓடும். சதுரப் பாய்க்கப்பல் அவ்வாறு நெருங்காது. அதன் பாய்கள் குறுக்கே கிடக்கும் பருமல்களில் தொங்குகின்றன. பருமலை ஓரளவுக்கு மேல் திருப்பினால், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகளில் இடித்து நின்றுவிடும். ஆகவே 60 பாகைக்கு மேல் விலகியே அது ஓட வேண்டும்.

காற்று நேரெதிரே வீசுவதாகக் கொள்வோம். ஓட வேண்டிய தூரம், நேர்த்தூரத்தைக் கோணத்தின் கொசைனால் வகுத்தால் கிடைக்கும். சிறு படகுக்கு 150 மைல் 212 மைலாகிறது. கப்பலுக்கோ 300 மைல்!

என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் பாய் இழுத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலும் ஏறத்தாழ இதே 150 கடல் மைல்தான். இக்கணக்கை அவரிடம் காட்டினேன். "இதுக்கா இம்புட்டுக் கணக்குப் போட்ட? தூரம் ரெட்டிச்சா அரிசியும் தண்ணியும் ரெட்டிப்பா ஏத்தணும்லே. அதை எழுது" என்றார். எழுதிவிட்டேன். எங்கள் பாடநூலில் இந்த வரி இல்லை.

படகுக்கும் வழி எளிதன்று. லாங் ஐலண்டு நீரிணையின் கிழக்கு வாயிலுக்கு 'ரேஸ்' என்று பெயர். அங்கு ஓதநீர் மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில்கூடப் பாயும். 5 மைல் வேகத்தில் ஓடும் படகு எதிர் ஓட்டத்தில் சிக்கினால் மணிக்கு ஒரு மைலே நகரும். நீரோட்டம் மாறும் வரை நங்கூரமிட்டுக் காத்திருப்பதே அறிவுடைமை.

அவ்வாறாயின் சதுரப் பாய் எதற்கு? பின்னிருந்து வீசும் காற்றுக்கு அதை மிஞ்சியது இல்லை. தெனெரீஃபிலிருந்து பெர்முடா நோக்கி வணிகக் காற்று முதுகில் தள்ள வந்தபோது, இக்கப்பல்கள் தம் இயல்பான வழியிலேயே வந்தன. அவற்றில் எஞ்சினும் உண்டு; கரையோர எதிர்காற்றில் அது கைகொடுக்கும். ஆனால் பாயைச் சுருட்ட மாணவ மாலுமிகள் பருமல் மீது ஏறியே ஆக வேண்டும். சூறைக்காற்று அதற்கு நேரம் தருவதில்லை. 1984 சூன் 3 அன்று, பெர்முடாவிலிருந்து பந்தயத்தில் புறப்பட்ட 'மார்க்கஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஒரு நிமிடத்துக்குள் மூழ்கியது. இருந்த 28 பேரில் 19 பேர் மாண்டனர்.

1976 அணிவகுப்புக்கு அமெரிக்காவின் 'ஈகிள்' தலைமை தாங்கியது. சோவியத்தின் 'தவாரிஷ்', போர்த்துகலின் 'சாக்ரெஸ்', ருமேனியாவின் 'மிர்ச்சா' ஆகியவையும் வந்தன. இந்நான்கும் 1933 முதல் 1938 வரை ஹாம்பர்க் நகரின் ஒரே தளத்தில் கட்டப்பட்டவை. முதல் மூன்றும் செருமானியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்டு, உலகப் போருக்குப் பின் வெவ்வேறு கொடிகளின் கீழ்ப் போனவை. பகை நாடுகளின் கொடி ஏந்திய உடன்பிறப்புகள் ஒரே துறையில் நின்ற காட்சி, அணிவகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நான்கிலும் முதலிரு மரங்களில் சதுரப் பாய். கடைசி மரத்தில் மட்டும் நெடுக்குப் பாய். சதுரப் பாயின் குறையை அது ஓரளவு ஈடு செய்கிறது. கப்பலைத் திருப்பவும் உதவுகிறது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்த நம் கடற்படையின் 'தரங்கிணி'க்கும் மூன்று மரங்களே. அதன் கடைசி மரத்திலும் பருமல் கிடையாது.