அன்னாசியும் கார்பைடு கல்லும்

கேள்வி: அன்னாசிக் குருத்தில் கார்பைடு கரைசல் ஊற்றினால் பூக்கிறதே, அதிலுள்ள கால்சியம்தானே காரணம்?

பதில்: இல்லை. கால்சியம் கார்பைடு தண்ணீர் பட்டதும் நுரைத்து அசிட்டிலீன் வாயுவை விடும். மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பு. பூக்க வைப்பது அந்த வாயுதான். எத்திலீன் என்ற தாவர ஹார்மோனைப் போல நடித்து அது செடியை ஏய்த்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் குடில்களில் புகை பட்ட அன்னாசிகள் ஒருசேரப் பூத்தன. அங்கே பூக்க வைத்தது புகையிலிருந்த எத்திலீன். பூக்க வைக்க இன்று பயன்படும் எத்திஃபான் என்ற மருந்தின் மூலக்கூறில் கால்சியம் மருந்துக்குக்கூடக் கிடையாது, ஆனாலும் பூக்கிறது. ‘அப்படியானால் கேரளத்தில் எத்திஃபானோடு யூரியாவும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ப்பானேன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எத்திஃபான் அமிலத்தில் அடங்கிக் கிடக்கும். அமிலத்தன்மை குறைந்தால் சிதைந்து எத்திலீனை விடும். அமிலத்தைக் குறைப்பதுதான் கார்பனேட்டின் வேலை. செல்லுக்குள் கால்சியம் சமிக்ஞையாகச் செயல்படுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் செல் தன் உள்நீர்மத்தில் அதை வெளியிலிருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவாக வைத்துக்கொண்டு, நொடிகளில் ஏற்றி இறக்கித்தான் செய்தி சொல்கிறது. வாசலைத் திறப்பதும் அடைப்பதும் செல்லின் பொறுப்பு. குருத்தில் கொட்டிய சுண்ணாம்பு தானாக உள்ளே பாய்ந்துவிடாது. வாயுவுக்கும் வரம்பு உண்டு: சுமார் 40 இலை விடாத கன்றை அவசரப்பட்டுப் பூக்க வைத்தால் காய் சிறுத்துப்போகும்.