தோப்புக்குப் போய் வந்தால் உண்ணியைக் கவனியுங்கள்!

உண்ணி கடித்து வரும் லைம் நோய் நம் பக்கம் அரிது. ஆனால் புதர்களில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத உண்ணிப் பூச்சியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், மழை, பனிக் காலங்களில் தமிழ்நாட்டில் அடிக்கடி வருவதுதான். கவனிக்காமல் விட்டால் இரண்டுமே நரம்பு வரை போகலாம். விருத்தாசலத்தைச் சுற்றி முந்திரித் தோப்புக்கும் புதருக்கும் போய்வரும் தோழிகளே, இதோ சில குறிப்புகள்.

1. தோப்பு வேலைக்கென்று பழைய முழுக்கைச் சட்டை, சாக்ஸ், புடவைக்குள் போட ஒரு லெகின்ஸ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். லெகின்ஸ் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிட்டால் பூச்சி கால் வழியே ஏறுவது குறையும்.

2. புல்லில் நேராக உட்காராமல் உரச்சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். துவைத்த துணியைப் புதர் மேல் காயப் போடாதீர்கள்.

3. வீடு திரும்பியதும் துணியை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, சோப்பு தேய்த்துக் குளியுங்கள்.

4. நாய், ஆட்டு உண்ணி தோலில் கவ்வியிருந்தால் தீக்குச்சியும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்துவிட்டு, சோப்பால் கழுவுங்கள்.

5. காய்ச்சல் வந்தால் செல்போன் டார்ச்சில் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ், காதின் பின்புறம் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஸ்க்ரப் டைபஸின் அடையாளம். வலிக்காததால் தானாகத் தெரியாது. எல்லோருக்கும் அது வருவதில்லை என்பதால், இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள்.

6. தோப்புக்குப் போன தேதியைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தலைகாட்டும். டாக்டரிடம் அதைச் சொன்னாலே வீண் டெஸ்ட் செலவு மிச்சமாகும்.

7. தொடக்கத்திலேயே பிடித்தால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையே கேட்கும். நீங்களாக வாங்காமல், டாக்டர் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு.

8. தாங்காத தலைவலி, குழறல் பேச்சு, காது மந்தம், முகம் ஒரு பக்கம் கோணுவது எல்லாம் நரம்பு பாதிப்பின் அறிகுறிகள். யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

9. சிறுநீர் முட்டியும் வராவிட்டால், தானாகச் சொட்டினால், கால் மரத்துப் பலம் குறைந்தால் தண்டுவடம் பாதித்திருக்கலாம். நீர்க்கடுப்பு என்று இளநீர் குடித்து நாளைக் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

10. நரம்பு பாதித்து மீண்டு வருபவர்கள், 2021-இல் தொடங்கிய அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இலவசமாக இயன்முறை சிகிச்சை பெறலாம். ஆட்டோ செலவும் அலைச்சலும் மிச்சம்.

சீக்கிரம் பார்த்தால் மாத்திரையிலேயே அடங்கும் காய்ச்சல் இது. அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லி வையுங்கள்!