மின்சாரம் திரும்பி வரும் வழி

முதலாண்டுத் தேர்வில் ஓம் விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அவ்விதியை உள்ளபடி புரிந்துகொண்டது வகுப்பறையில் அல்ல. இத்தலாரில், என் மாமாவின் ஜீப் இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தபோதுதான்.

பகலில் அந்த ஜீப் தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாக்டரிக்குப் போகும். இரவில் ஊரில் யாருக்கேனும் உடம்பு சரியில்லை என்றால் உதகை மருத்துவமனைக்கும் அதே ஜீப்தான். ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கிய வேளையில் மாமா மகன் பிடிவாதம் பிடித்து, அதில் ஒரு ஸ்டீரியோ செட்டும் பக்கத்து இருக்கைக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தச் செய்தான். பத்து நாள் பாட்டு நன்றாகவே கேட்டது. பிறகு பாட்டோடு ஒரு சீழ்க்கையும் சேர்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். செட்டு மட்டமானது என்று எல்லோரும் தீர்ப்புக் கூறிவிட்டனர்.

ஒருநாள் இரவு, மூடுபனியில் பாட்டியை மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும்போது ஜீப்புக்குள் கருகல் நாற்றம் வீசியது. நிறுத்திப் பார்த்தோம். செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் மெல்லிய ஆடியோ ஒயரின் உறை உருகியிருந்தது. அந்தப் பழைய ஜீப்பில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருப்பது டீசல் டாங்க். நல்ல வேளையாகப் பாட்டிக்கு அது தெரியாது.

ஆடியோ ஒயரில் செல்வது மிகச் சிறிய மின்னோட்டம். அது ஏன் உருக வேண்டும்? விடை எர்த் ஒயரில் இருந்தது.

தந்தித் தொடர்பின் தொடக்க நாட்களில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இழுத்தார்கள். 1838-இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டைன்ஹைல், திரும்பும் கம்பிக்குப் பதில் நிலத்தையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். மோட்டார் வண்டியோ ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கிறது. நிலத்துக்கும் அதற்கும் மின்தொடர்பு இல்லை. இருந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. பாட்டரியின் எதிர்முனையை வண்டியின் இரும்பு உடலோடு இணைத்து, அவ்வுடலையே திரும்பும் கம்பியாக்கி, அதனை 'எர்த்' என்கிறோம். நாமும் நோட்டில் மூன்று கோடு போட்டு எர்த் என்று குறித்ததும், மின்சாரம் அங்கே மறைந்துவிடுவதாக நினைத்துக்கொள்கிறோம். அது மறைவதில்லை. நேர்முனையில் புறப்பட்ட ஒவ்வோர் ஆம்பியரும் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும்.

எங்கள் ஜீப்பில் ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு ஒயரை, இருக்கைச் சட்டத்தில் பெயின்ட்டின் மேலேயே வைத்து ஒரு ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். திருகாணி மரைகளின் விளிம்பு மட்டுமே இரும்பைத் தொட்டது. எங்கள் பக்கத்து ஈரமோ சொல்லி மாளாது. 2019 ஆகஸ்டில், அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது நினைவிருக்கும். தொட்ட அந்தச் சிறு விளிம்பிலும் துரு ஏறிவிட்டது.

கருகிய ஒயரை மாற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும் வைத்து, பாட்டை உரக்க வைக்கச் சொன்னேன். காட்டியது 1.8 வோல்ட். 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் 15 ஆம்பியர் எடுத்தது என்று கொண்டால், அந்த இணைப்பின் தடை 0.12 ஓம். சிறிய எண்தான், ஆனால் அங்கே வெளிப்படும் வெப்பம் 27 வாட், அதாவது ஒரு சிறு சால்டரிங் அயர்னின் சூடு! எர்த்தில் தடை கூடியதும், மின்னோட்டத்தின் ஒரு பகுதி வேறு வழி தேடியது. ஆடியோ ஒயரின் மெல்லிய வெளிப்பின்னல் வழியாகச் செட்டுக்குள் புகுந்து, செட்டின் எர்த் மூலமாகத் திரும்பியிருக்கிறது.

சீழ்க்கைக்கும் அதுவே காரணம். ஆல்டர்னேட்டர் தருவது தூய நேர்மின்சாரம் அன்று. மூன்று கட்ட மாறுமின்சாரத்தை டையோடுகள் திருத்தித் தருவது. 12 துருவமுள்ள ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழன்றால் 300 ஹெர்ட்ஸ். திருத்தியபின் சுழற்சிக்கு ஆறு துடிப்பு வீதம் 1800 ஹெர்ட்ஸ். காதுக்கு அது நல்ல சீழ்க்கை. நல்ல எர்த் இருந்தால் இத்துடிப்பு பாட்டோடு கலக்காது.

செய்த வேலை அரை மணி நேரம்தான். முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினேன். நேர்முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு சேஸிஸில் ஓரிடத்தை உப்புத்தாளால் வெள்ளி போல் மின்னும்வரை தேய்த்து, நேர்முனை ஒயரின் கனமே உள்ள குட்டையான கறுப்பு ஒயரை வளைய முனையோடு பல்வாஷர் வைத்துப் போல்ட்டால் இறுக்கி, மேலே வாஸ்லைன் பூசினேன். செட்டின் எர்த்தையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கர் ஒயரை மட்டும் உடலோடு சேர்க்கவில்லை. பழைய செட்டுகள் சிலவற்றில் அப்படிச் செய்வதுண்டு. இன்றைய செட்டுகளில் செய்தால் உள்ளிருக்கும் ஐ.சி. போய்விடும்.

மீண்டும் அளந்தபோது 0.05 வோல்ட். சீழ்க்கை இல்லை.

"அப்ப பின்லைட்டு மங்கலா எரியுறதும் இதனாலதானா, மாப்ளே?" என்று மாமா படுக மொழியில் கேட்டார். போய்ப் பார்த்தேன். பல்பு ஹோல்டரின் அடியில் துரு அப்பிக்கிடந்தது. உப்புத்தாளில் இன்னும் ஒரு துண்டு மீதி இருந்தது.