விதைக்குள் ஒளிந்திருக்கும் பூஞ்சாணம்

 

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று பெரியவங்க சொல்லுவாங்க. ஆனால் பயிருக்கு வரப்போகும் நோய், முளைக்கும் முன்னாடியே விதைக்குள் இருக்கலாம். வெளியில் பார்த்தால் நல்ல நெல் மாதிரியே இருக்கும்!

விதையால் என்ன ஆபத்து?

நெல்லில் வரும் பழுப்புப் புள்ளி நோய் விதை வழியாகவும் பரவும். 1942-ல் வங்காளத்தில் நெல்லை இது கடுமையாகத் தாக்கியது. 1943-ல் வந்த பெரும் பஞ்சத்துக்குப் போரும் அரசின் தவறுகளும் காரணம். இந்த நோயும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இது பழைய கதை இல்லை. 1985-ல் பிரேசிலில் முதலில் கண்ட கோதுமைக் குலை நோய், 2016 பிப்ரவரியில் நம் பக்கத்து நாடான வங்கதேசத்துக்கு வந்துவிட்டது. சுமார் 15,000 ஹெக்டேர் பாதிப்பு! மரபணுவை ஆராய்ந்தபோது அது தென் அமெரிக்க வகை என்று தெரிந்தது. இறக்குமதியான தானியத்தோடு வந்திருக்கலாம் என்கிறார்கள்.

பழைய சோதனை

400 விதைகளை எடுத்து, ஈரமான மை ஒற்றும் தாள் மேல் தட்டுக்கு 25 வீதம் வைப்பார்கள். 7 நாள் கழித்து, வளர்ந்த பூஞ்சாணத்தை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் பட்டம் காத்திருக்குமா?

புதிய சோதனை

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே பி.சி.ஆர். முறை விதைக்கும் உண்டு. 1983-ல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்தார். 1993-ல் நோபல் பரிசும் பெற்றார். விதையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்தப் பூஞ்சாணத்துக்கு மட்டுமே உரிய ஒரு துண்டைத் தேடி நகல் எடுப்பார்கள். 1, 2, 4, 8 என்று ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும். 30 சுற்று முடிந்தால் ஒரு துண்டு 107 கோடிக்கு மேல் ஆகும்! கணக்கு நோட்டில் 2-ன் அடுக்கு 30 போட்டுப் பாருங்கள். பூஞ்சாணம் இல்லையென்றால் நகலும் இல்லை.

பி.சி.ஆருக்குச் சூட்டை ஏற்றி இறக்கும் கருவி வேண்டும். 2000-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் வெளியிட்ட 'லேம்ப்' முறைக்கு 60 முதல் 65 டிகிரி வரை ஒரே சூடு போதும். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும். அதனால் வயல் பக்கத்திலும், சரக்கு இறங்கும் துறைமுகத்திலும்கூட சோதிக்க வழி பிறந்தது.

ஒரு குறை உண்டு. செத்த பூஞ்சாணத்தின் டி.என்.ஏ.வையும் இது காட்டிவிடும். உயிரோடு இருக்கிறதா என்று அறிய, பழைய தாள் முறையும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நம்ம நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீட்டில் சொந்த நெல்லையே விதைக்கு எடுத்து வைப்பாங்க. எல்லோராலும் ஆய்வுக்கூடத்துக்குப் போக முடியாது. அதனால்:

1. முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த தண்ணீரில் விதையைப் போடுங்கள். மிதக்கும் பதரையும் நோய்பட்ட நெல்லையும் நீக்குங்கள்.

2. மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் 2, 3 முறை அலசுங்கள்.

3. மூழ்கிய விதையிலும் பூஞ்சாணம் இருக்கலாம். அதனால் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.

4. நோய் வந்த வயல் நெல்லை விதைக்கு வைக்காதீர்கள்.

நாற்றங்காலில் நோய் தெரிந்த பிறகு மருந்து அடிப்பது செலவு. விதைக்கும் முன் பார்ப்பது சிக்கனம். இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்: "நம்ம விதைநெல்லுக்கு விதைநேர்த்தி செஞ்சாச்சா?"



— 9-ஆம் வகுப்பு மாணவி