பிரெஞ்சு நாட்டு ரயிலில் ஏறுமுன்

2025ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு மாத காலம் பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வார நாட்களில் வேலை. சனி, ஞாயிறுகளில் ஊர் சுற்றல். திரும்பி வந்தபின் நம் தமிழ் மன்றத்து நண்பர்கள் ஈபில் கோபுரத்தைப் பற்றியும் மோனாலிஸா ஓவியத்தைப் பற்றியும் எழுதும்படி கேட்டார்கள். அவற்றைப் பற்றி எழுதியவர் பலர். நான் எழுதப் போவது ரயில் டிக்கட்டைப் பற்றி. இது அற்பமான விஷயமென்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பெட்டி நிறைந்த ஜனங்களின் முன்னிலையில் தலைகுனிந்து நின்ற நாள் வரையில். இவ்வாண்டு நம்மில் இருவர் அந்நாட்டுக்குப் புறப்பட இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நம் நாட்டு வழக்கத்தைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். நம் ஊரில் டிக்கட் விலை பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தது. ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் 2016 முதல் ஏறும் கட்டணம் வந்துவிட்டது என்பது உண்மையே. ஆயினும் மதுரையிலிருந்து தில்லிக்கு ஸ்லீப்பர் பெட்டியில் வரும் என்னைப் போன்றவனுக்கு இன்று வாங்கினாலும் சென்ற மாதம் வாங்கினாலும் ஒரே விலைதான். கிடைக்குமா என்பதுதான் கவலை. காத்திருப்போர் பட்டியல், பாதி இருக்கை, தத்கால் என்று நாம் படும் பாடு உலகறிந்தது. பிரான்சில் இந்தப் பாடு இல்லை. காத்திருப்போர் பட்டியல் என்ற ஒன்றில் தொங்கிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போகும் வழக்கம் அங்கே கிடையாது. அதற்குப் பதிலாக வேறொரு பாடு உண்டு. அதிவேக வண்டிகளில் விலை நிலையாக நிற்பதில்லை. ஒரே பாதை, ஒரே வண்டி. மூன்று வாரங்களுக்கு முன் நான் பார்த்த விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கைப் பிரயாணத்துக்கு முதல் நாள் பார்த்தேன். இயற்பியல் மாணவன் பாஷையில் சொன்னால், விலை தூரத்தின் சார்பு அன்று; காலத்தின் சார்பு.

இந்த விதி எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதுதான் முக்கியம். பிரெஞ்சு ரயில்களைப் பிரயாணி இரண்டு இனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தே.ஜே.வே. எனப்படும் அதிவேக வண்டி. 1981 செப்டம்பரில் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இன்று சில பாதைகளில் மணிக்கு 320 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. பாரிஸிலிருந்து லியோனுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இதில் இருக்கை முன்பதிவு கட்டாயம். டிக்கட்டில் குறித்த வண்டியில், குறித்த இருக்கையில், டிக்கட்டில் பெயர் உள்ளவர்தான் போக வேண்டும். மற்றொன்று, தே.ஊ.எர். எனப்படும் வட்டார வண்டி. இது நம் பாசஞ்சர் வண்டிக்கு உறவு, ஆனால் சுத்தமும் வேகமும் கூடியது. கிரெனோபிளிலிருந்து லியோனுக்கு நான் பலமுறை போனது இதில்தான். இருக்கை எண் இல்லை. இடம் கண்ட இடத்தில் உட்காரலாம். விலையும் நாளுக்கு நாள் குதிப்பதில்லை. ஆகவே அதிவேக வண்டிக்கு எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் வாங்க வேண்டும். வட்டார வண்டிக்கு அவசரப்பட வேண்டிய அவசியமே இல்லை. இந்த வித்தியாசத்தை அறியாமல் என்னோடு பயிற்சி பெற்ற வங்காள நண்பர் ஒருவர், பக்கத்து ஊராகிய ஆன்சிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே டிக்கட் வாங்கி வைத்துவிட்டு, அன்று மழை கொட்டியதால் போகாமலிருந்தார். அது நாள் குறித்த டிக்கட், மறுநாள் செல்லாது.

எங்கே வாங்குவது? 1938 முதல் நாட்டின் ரயில்களை நடத்தி வரும் எஸ்.என்.சி.எப். நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் வாங்கலாம். ஸ்டேஷன் இயந்திரத்தில் வாங்கலாம். பெரிய ஸ்டேஷன்களில் மனிதர் அமர்ந்த கவுண்டரும் உண்டு. ஊரிலிருந்தே வாங்குபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டு வர்த்தகம் தானாகத் திறந்திருப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2020இல் செய்த ஏற்பாடு அது. நாமே அதைத் திறந்துவிட வேண்டும். ரகசிய எண் வரும் இந்திய சிம் அட்டையையும் பிரான்சில் கழற்றி எறிந்துவிடக் கூடாது. கழற்றியவன் சொல்கிறேன்.

அந்தச் செயலியில் எல்லா வண்டியும் தெரியும் என்றும் நினைக்க வேண்டா. பாரிஸ்-லியோன் பாதையில் 2021 டிசம்பர் முதல் இத்தாலிய ரயில் நிறுவனமாகிய திரெனித்தாலியாவும் வண்டி விடுகிறது. அதன் டிக்கட்டை அதனிடமே வாங்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினால் ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு மிஞ்சும். எஸ்.என்.சி.எப். தானே நடத்தும் விகோ என்னும் மலிவு வண்டியும் உண்டு. ஆனால் அதில் மூட்டைக்குக் கணக்கு உண்டு. சிறு பெட்டி ஒன்றும் கைப்பை ஒன்றும் போக, மேலே உள்ளதற்குத் தனிக் காசு. ஊறுகாய் ஜாடியும் பருப்புப் பொடியுமாகப் புறப்படும் நம்மவர்க்கு அது மலிவு வண்டி அன்று.

நிற்க. இனி என் அவமானத்தைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பாரிஸுக்குப் போகும் நெடுந்தூர வண்டிக்கு ஸ்டேஷன் இயந்திரத்தில் டிக்கட் எடுத்தேன். விலையைக் கண்டதும் நெஞ்சு திக்கென்றது. கீழே ‘இளைஞர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. 12 முதல் 27 வயது வரை என்றும் போட்டிருந்தது. எனக்கு வயது 23. நான் இளைஞன் அல்லாமல் வேறு யார்? கட்டத்தைத் தொட்டேன். விலை நூற்றுக்கு முப்பது குறைந்தது. பிரெஞ்சு அரசின் இளைஞர் பாசத்தை மனத்துக்குள் வாழ்த்திக்கொண்டே வண்டி ஏறினேன்.

ஒரு மணி நேரம் கழிந்தது. டிக்கட் பரிசோதகர் வந்தார். நடுத்தர வயது அம்மையார். என் டிக்கட்டைப் பார்த்துவிட்டு ‘கார்த்?’ என்றார். பாஸ்போர்ட்டை எடுத்து, பிறந்த தேதியைக் காட்டினேன். அவர் தலையசைத்து மறுபடியும் ‘கார்த்?’ என்றார். பிறகுதான் விளங்கிற்று. அந்த விலை இளைஞர்க்கு உரியது அன்று. இளைஞர் சலுகை அட்டையை வாங்கியவர்க்கு உரியது. அந்த அட்டைக்கு ஆண்டுக்கு 49 யூரோ. என்னிடம் அது இல்லை. ஆகவே என் டிக்கட் செல்லாது. அபராதம் கட்டினேன். அன்றைய மதிப்பில் அது எனக்கு ஒரு வாரச் சாப்பாடு. மதுரையில் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் என் தகப்பனார், இந்தப் பிரயாணத்துக்காகக் கடன் வாங்கியிருந்தார். அது ஒருபுறம் இருக்க, பணத்தைவிட வேறொன்று சுட்டது. எதிரில் இருந்த கிழவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். அயல் நாட்டிலிருந்து வந்த கறுத்த பையன் அரை டிக்கட்டில் ஏமாற்றப் பார்த்தான் என்று அவர் வீட்டில் சொல்லியிருப்பாரோ என்று இன்றும் நினைப்பு வருகிறது.

அந்த அம்மையாரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் அவர் பக்கம். இயந்திரத்தில் சிறிய எழுத்தில் அட்டையின் பெயர் இருந்ததாம். நான் விலையைப் படித்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

மறுநாள் பாரிஸில் லா ஷபெல் பகுதிக்குப் போனேன். வட ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள அந்தத் தெருக்களில் இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்திருக்கும். இட்டிலிக்கு உட்கார்ந்த இடத்தில் கடைக்காரரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘தம்பி, காட் எடுத்தனீரோ? எடுக்காமல் விலையை மட்டும் குறைச்சால் அவை விடுவினமோ?’ என்றார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். எட்டு வாரம் இருப்பவன், அதிவேக வண்டியில் நாலைந்து முறை போகிறவன், முதல் நாளே அட்டையை வாங்கிவிட வேண்டும். சலுகையிலேயே அட்டைக் காசு திரும்பி வந்துவிடும். வெளிநாட்டாரும் வாங்கலாம். ஆனால் விகோ வண்டியில் அந்த அட்டைக்குச் சலுகை இல்லை. அன்று மாலையே வாங்கினேன். சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்க்கு விற்கும் பாஸ் அது. பல நாடுகளைச் சுற்றுகிறவர்க்கு உபயோகமானது. பிரான்சில் மட்டும் சுற்றுகிறவர்க்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாஸ் கையில் இருந்தாலும் அதிவேக வண்டியில் இருக்கைக்குத் தனியே காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பாஸ்காரர்க்கு ஒதுக்கும் இடமும் அளவானது.

இனி ஸ்டேஷன். பாரிஸில் நெடுந்தூர ஸ்டேஷன்கள் பல. ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு. இதில் நம்மவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘கார் த லியோன்’ என்றால் லியோன் ஸ்டேஷன். அது இருப்பது பாரிஸில்! லியோன் திசைக்குப் புறப்படும் ஸ்டேஷன் என்று பொருள். லியோன் நகரத்து ஸ்டேஷன்களுக்குப் பார்த்தியூ, பெராஷ் என்று வேறு பெயர்கள். அதுபோல ‘அவினியோன் தே.ஜே.வே.’ என்று போட்டிருந்தால், அது ஊருக்கு வெளியே உள்ள ஸ்டேஷன். ஊர் நடுவிலுள்ளது ‘அவினியோன் சாந்த்ர்’. இரண்டுக்கும் இடையே ஐந்தாறு நிமிஷம் ஓடும் சிறு வண்டி உண்டு. அதற்கும் நேரம் விட்டுத்தான் டிக்கட் வாங்க வேண்டும்.

பெரிய ஸ்டேஷன்களில் எந்தப் பிளாட்பாரம் என்பதை வண்டி புறப்பட ஏறக்குறைய இருபது நிமிஷத்துக்கு முன்புதான் பலகையில் காட்டுவார்கள். அதுவரை நூற்றுக்கணக்கானோர் தலையை உயர்த்தி நிற்பார்கள். எண் விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே திசையில் நடப்பார்கள். பலகையில் ‘வுவா’ என்றால் பிளாட்பாரம்; ‘ரதார்’ என்றால் தாமதம்; ‘சுப்ரிமே’ என்றால் வண்டி ரத்து. டிக்கட்டில் ‘வுவாத்யூர்’ என்றால் பெட்டி; ‘பிளாஸ்’ என்றால் இருக்கை. இந்த ஐந்து சொற்களை அறிந்தவன் பிழைத்துக்கொள்வான். புறப்படுவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே கதவு மூடிவிடும். ஓடும் வண்டியில் தொற்றி ஏறும் நம் வித்தை அங்கே செல்லாது.

பெட்டி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சில வேளை இரண்டு முழு வண்டிகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டுவார்கள். ஒன்றில் 1 முதல் 8 வரை பெட்டிகள். மற்றதில் 11 முதல் 18 வரை. வெளியே ஒரே வண்டிபோல் தெரியும். உள்ளே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழியில்லை. பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து மேற்கே போகும் சில வண்டிகள் ரென் நகரில் பிரிந்து, ஒரு பாதி பிரெஸ்துக்கும் ஒரு பாதி கெம்பேருக்கும் போய்விடும். அவசரத்தில் ஏதோ ஒரு பெட்டியில் ஏறி, ‘உள்ளே நடந்துபோய்க்கொள்ளலாம்’ என்று நினைப்பவன், கடலைப் பார்ப்பான்; ஆனால் அவன் நினைத்த ஊர்க் கடலை அன்று.

முன்னெல்லாம் டிக்கட்டை ஏறுமுன் மஞ்சள் இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். பழைய பிரயாண நூல்கள் இதையே பெரிதாகச் சொல்லும். கைப்பேசி டிக்கட்டுக்கு அது வேண்டா. தாளில் அச்சிட்ட வட்டார டிக்கட்டில் ‘கொம்போஸ்தே’ என்ற சொல் இருந்தால் மட்டும் குத்த வேண்டும். எந்தக் காரணத்தாலோ டிக்கட் எடுக்காமல் ஏற நேர்ந்தால், பரிசோதகர் நம்மைத் தேடி வருமுன் நாம் அவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் உண்டு, முகத்திலும் உண்டு.

வண்டி தாமதமானால் வருந்த வேண்டியதில்லை. அதிவேக வண்டி அரை மணிக்கு மேல் தாமதித்தால் கட்டணத்தில் நூற்றுக்கு 25 பங்கு திரும்பக் கேட்கலாம். இரண்டு மணிக்கு மேல் என்றால் 50. மூன்று மணிக்கு மேல் என்றால் 75. நாமாகக் கேட்க வேண்டும். எனக்கு ஒருமுறை 40 நிமிஷத் தாமதம் வாய்த்தது. அபராதத்தில் ஒரு சிறு பகுதி மீண்டது.

பாரிஸ் நகருக்குள் சுற்ற மெத்ரோ ரயில். 2025 ஜனவரி முதல் கட்டணம் எளிதாயிற்று. அவ்வாண்டில் மெத்ரோவானாலும் புறநகர் ரயிலானாலும், வெர்சேல் அரண்மனை வரை போனாலும், ஒரு தடவைக்கு 2 யூரோ 50. விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கட்; அவ்வாண்டில் அது 13 யூரோவாக இருந்தது. சாதாரண டிக்கட்டோடு விமான நிலைய ரயிலில் ஏறி மாட்டிக்கொள்பவர் பலர். நவிகோ ஈஸி என்னும் அட்டையை 2 யூரோவுக்கு வாங்கி அதில் டிக்கட்டுகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை; ஒரே அட்டையில் இருவர் சேர்ந்து போக முடியாது. வெளியேறும் வரை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சுரங்கப் பாதைத் திருப்பங்களில் பரிசோதகர் கூட்டமாக நிற்பதுண்டு.

அந்த அட்டையில் பெயரும் இல்லை, படமும் இல்லை. யார் வேண்டுமானாலும் இரவல் வாங்கிப் போகலாம். என்னுடையது விடுதி அறையில், மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு தடவைப் பிரயாணம் அதில் மிச்சம். ஜூன் மாதம் புறப்படும் நண்பர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல் அறையில் இருப்பேன்.