ஒப்படைக்கும் முன்: ஓர் இளம் சர்ஃபேஸ் மாடலருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்கூட்டரின் பக்கவாட்டு பேனலை ஏலியஸில் முடித்து ஸ்டெப் கோப்பாக அனுப்பியிருக்கிறாய். அதைக் கேட்டியாவில் திறந்த என்ஜினியர், பரப்புகள் சேரவில்லை, தடிமன் ஏறவில்லை என்று திருப்பிவிட்டார். இரண்டு மென்பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது உன் முடிவு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்பு நீ வரைந்ததை அப்படியே கொண்டுபோயிருக்கிறது; மாடல்தான் இன்னும் முடியவில்லை.

ஒட்டியிருப்பதுபோல் தெரியும் இரண்டு பேட்ச்களுக்கு நடுவே 0.02 மி.மீ. இடைவெளி இருக்கலாம். திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கேட்டியாவில் ஜாயின் கட்டளைக்கு இயல்பாக வைத்திருக்கும் அளவோ 0.001 மி.மீ. அதைத் தாண்டிய இடைவெளியைக் கேட்டியா திறந்த விளிம்பாகவே எடுத்துக்கொள்ளும். பேட்ச்களுக்கு நடுவே அப்படி ஒன்று இருந்தாலும் பரப்புகள் ஒன்றாகச் சேராது, தடிமனும் ஏறாது. அதனால் வேலையைத் தொடங்கும் நாளிலேயே, வாங்கப்போகிறவர் எந்த மென்பொருளில் இருக்கிறார், எவ்வளவு இடைவெளி வரை ஏற்கும் டாலரன்ஸ் வைத்திருக்கிறார் என்று கேட்டுவிடு. ஏலியஸின் கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆப்ஷன்ஸில் அதை அமைத்துவிட்டுப் பிறகு முதல் கர்வை இழு. முடித்த மாடலில் டாலரன்ஸை இறுக்குவதென்றால் பாதி மாடலை மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

ரைனோவில் வேலை செய்ய நேர்ந்தால் ஜாயின்எட்ஜ் கட்டளையிடம் எச்சரிக்கையாக இரு. தள்ளித் தள்ளி நிற்கும் விளிம்புகளையும் அது சேர்ந்தவையாகக் கணக்கெழுதிவிடும்; பரப்பு இம்மியும் நகர்ந்திருக்காது. உன் திரையில் மூடிய பொருளாக இருந்தது, வேறு மென்பொருளுக்குப் போனதும் அதே இடத்தில் திறந்துகொள்ளும்.

என்ஜினியரே சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? அவரிடம் இடைவெளிகளைத் தானாக மூடும் ஹீலிங் கட்டளை இருக்கிறது. அவசரத்தில் அதைத்தான் அழுத்துவார். கிழிசலை இழுத்துத் தைத்த இடத்தில் துணி சுருங்குவதுபோல, ஹீலிங் இழுத்துச் சேர்த்த விளிம்பின் இருபுறமும் பரப்பு கொஞ்சம் வளையும். வளைவு முறியாமல் தொடரும் ஜி2 தொடர்ச்சிக்காக நீ வாரக்கணக்கில் உழைத்த இடத்தில், பரப்பில் பிரதிபலிக்கும் ஒளிவரி முறியும். பளபளப்பான பெயிண்ட் ஏறிய பிறகு ஷோரூம் விளக்கின் கீழ் யார் கண்ணுக்கும் அது தெரியும். அதற்குள் மோல்டு எஃகில் வெட்டப்பட்டிருக்கும். வடிவத்தைத் தொடும் உரிமை உன்னிடமே இருக்க வேண்டுமானால், மூடும் வேலையையும் நீதான் செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நாம் பயன்படுத்தும் கணிதமே இந்த ஒப்படைப்புச் சிக்கலிலிருந்து வந்ததுதான். வரைபடம், பிளாஸ்டர் மாதிரி, மாஸ்டர் மாடல் என்று காரின் வடிவம் கைமாறிய காலத்தில், ஒவ்வொரு கையிலும் அது கொஞ்சம் மாறியது. 1959-இல் சித்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஜோ இதற்கு வழி கண்டார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. 1960-களில் ரெனோவின் பியர் பெசியே தன் வழியில் அதே வளைவுகளுக்கு வந்து, வெளிப்படையாக எழுதினார். ஸ்டைலிஸ்ட் முதல் டை வெட்டுபவர் வரை எல்லோர் கையிலும் ஒரே எண்கள் இருக்க வேண்டும் என்பதே பெசியேயின் நோக்கம். நீ தினமும் இழுக்கும் கன்ட்ரோல் பாயின்ட்கள் அந்த எண்கள்தான். அவற்றை அரைகுறையாக அனுப்ப உனக்கு மனம் வரக்கூடாது.

இனி தடிமன். பேனலின் சுவர் 2.5 மி.மீ. என்றால், என்ஜினியர் உன் வெளிப்பரப்பை அந்த அளவுக்கு உள்நோக்கி ஆஃப்செட் செய்வார். வெளிமுனையில் நீ 2 மி.மீ. ஆரம் வைத்திருந்தால் உள்ளே ஆரத்துக்கு இடமே இல்லை; பரப்பு தன்னையே வெட்டிக்கொள்ளும், கட்டளை தோற்கும். மெல்லக் கரைந்து மறையும் கேரக்டர் லைன் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. அது மறைகிற நுனியிலும் இதே கதி வரலாம். மூன்று பக்கப் பேட்சின் ஒரு விளிம்பைப் புள்ளியாகச் சுருக்கி முடிப்பதும் தொல்லை தரும். நான்கு பக்கப் பரப்பைப் பெரிதாகக் கட்டி ட்ரிம் செய்துவிடு. அனுப்புமுன் நீயே ஒருமுறை ஆஃப்செட் செய்து பார்த்தால் இவை எல்லாம் உன் மேசையிலேயே தெரிந்துவிடும்.

மோல்டு பிரியும் திசையையும் முன்பே கேட்டு வை. டெக்ஸ்சர் வருகிற பக்கத்தில் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் சுமார் 1 டிகிரி ட்ராஃப்ட், அதாவது மோல்டிலிருந்து கழன்று வருவதற்கான சாய்வு, கூடுதலாகத் தருவது வழக்கம். கடைசி வாரத்தில் ட்ராஃப்ட் கேட்டு வந்தால் உன் வடிவம்தான் அடிவாங்கும்.

ஃபில்லட் விஷயத்தில் என் அபிப்பிராயம் இது: கண்ணில் படும் பெரிய ஆரங்களை நீயே கட்டு, உள்ளே மறையும் சின்ன ஆரங்களை என்ஜினியருக்கு விடு. அவர் அவற்றைப் பலமுறை மாற்றுவார், மாற்றத்தான் வேண்டும். ட்ரிம் செய்யாத மூலப் பரப்புகளையும் தனி லேயரில் சேர்த்துக் கொடு.

கோப்பு வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1980-இல் வந்த ஐஜெஸ், நடைமுறையில் பெரும்பாலும் பரப்புகளை உதிரியாகவே கொண்டுபோகிறது. 1994-இல் ஐஎஸ்ஓ 10303 என்று வெளியான ஸ்டெப், எந்த விளிம்பு எதனோடு சேர்ந்தது என்பதையும் சொல்லும். முடிந்தவரை ஸ்டெப் அனுப்பு. அலகு மில்லிமீட்டர்தானா, நார்மல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பார்த்துக்கொள்.

அந்த என்ஜினியரை இன்றே கூப்பிடு. எந்தெந்த விளிம்பு திறந்திருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் வாங்கி, ஒவ்வொன்றையும் ஏலியஸில் திருத்து. திருத்திய கோப்பை அவர் திறக்கும்போது முடிந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்.

அன்புடன்,
உன் அண்ணன்